சாரப் பொருள்களை நெடுந்தூரம் சுமப்பதற்கு ஆள்கூலி கணக்கிடும் முறை

சாரம் கட்டும் தொழிலில் புதிதாக விலைப்புள்ளி கொடுக்கத் தொடங்குபவர்கள் சாரத்தின் பரப்பையும் உயரத்தையும் வாடகை நாள்களையும் கவனமாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் லாரி நிற்கும் இடத்துக்கும் சாரம் எழும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் கடைசி வரியில் குத்துமதிப்பான ஒரு சதவீதமாகச் சேர்த்துவிடுகிறார்கள். இந்தச் சதவீதத்துக்கு எந்த அடிப்படையும் கிடையாது. சாரம் கட்டும் கூலி பரப்பையும் உயரத்தையும் பொறுத்தது. சுமக்கும் கூலி பொருள்களின் எண்ணிக்கையையும் அவை கடக்கும் வழியையும் பொறுத்தது. ஒரே அளவுள்ள சாரத்தை லாரியின் அருகிலேயே கட்டினாலும் நூறு மீட்டர் தள்ளிக் கட்டினாலும் கட்டும் நேரம் மாறுவதில்லை. சுமக்கும் நேரம் மூன்று மடங்காகலாம். ஆகவே சுமைக்கூலியைக் கட்டும் கூலியிலிருந்து பிரித்து, தனி வேலையாக மதிப்பிட வேண்டும். அதற்கு எடுக்க வேண்டிய அலகு டன் அன்று, நடை: ஒரு சுமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவரும் ஒரு முறை. மொத்தம் எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை விநாடி என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் மற்றவை பெருக்கலும் வகுத்தலுமே.

முதலில் வழியை நடந்து பாருங்கள்

வரைபடத்தில் அளந்த நேர்கோட்டுத் தூரம் இந்தக் கணக்குக்கு உதவாது. லாரி உண்மையில் எங்கே நிற்க முடியும் என்பதை உறுதி செய்துகொண்டு, அந்த இடத்திலிருந்து சாரத்தின் நடுப்பகுதி வரை, சுமப்பவர் கால் பதிக்கப்போகும் வழியிலேயே டேப்பையோ அளவுச் சக்கரத்தையோ கொண்டு அளக்க வேண்டும். சாரம் நீளமான சுவரை ஒட்டி வருமானால் அதன் தொடக்க முனை வரை அளப்பது தவறு, ஏனென்றால் பாதிப் பொருள்கள் அதற்கும் அப்பால் போகின்றன.

அளந்துகொண்டே சில விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தரை காங்கிரீட்டா, சேறா, தளர்ந்த மணலா என்பதும், வழியில் உள்ள வாசல்களின் அகலமும், எதிரெதிராக இரண்டு பேர் சுமையுடன் கடக்க இடம் உண்டா என்பதும் கணக்கை நேரடியாக மாற்றுகின்றன. திருப்பங்களைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள். 6 மீட்டர் குழாயைத் தோளில் வைத்திருப்பவர் இடப்புறம் திரும்பும்போது குழாயின் பின்முனை வலப்புறம் பெரிய வட்டமாக வீசிச் செல்லும். அவர் கண்ணுக்கு முன்முனை மட்டுமே தெரியும். கண்ணாடிச் சன்னல்களும் நிறுத்திய வாகனங்களும் உள்ள முடுக்கு ஒன்றில் இப்படித் திரும்ப வேண்டியிருந்தால், குழாயின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துச் செல்வதே முறை. இருவரும் சேர்ந்து இரண்டு குழாய்களைக் கொண்டுசென்றால் ஆள்-மணி (ஓர் ஆள் ஒரு மணி நேரம் செய்யும் வேலை) அதிகரிக்காது. அங்கே ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும் என்றால் குழாய்களுக்கான ஆள்-மணி இரட்டிப்பாகிறது, இது விலைப்புள்ளியில் ஏறியாக வேண்டும்.

பொருள்களை எண்ணி எடை போடுங்கள்

சாரத்துக்குப் பரவலாகப் பயன்படும் எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். சுவர்த் தடிமன் 4 மில்லிமீட்டராக இருந்தால் ஒரு மீட்டர் குழாய் சுமார் 4.37 கிலோவும், 3.2 மில்லிமீட்டராக இருந்தால் சுமார் 3.56 கிலோவும் எடையிருக்கும். 6 மீட்டர் குழாய்க்கு இது முறையே 26 கிலோவும் 21 கிலோவும் ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், குழாயின் வாயில் அளந்து பார்த்து எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாய்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கிளாம்ப் ஒன்று தோராயமாக ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை இருக்கும். 38 மில்லிமீட்டர் தடிமனும் 225 மில்லிமீட்டர் அகலமும் 3.9 மீட்டர் நீளமும் உள்ள மரப் பலகை நன்றாகக் காய்ந்திருந்தால் 17, 18 கிலோ வரும். மழையில் ஊறிய பின் அதே பலகை பல கிலோ கூடிவிடும். ஆயத்தச் சட்டங்களாக வரும் சார வகைகளுக்குத் தயாரிப்பாளரின் எடைப்பட்டியல் இருக்கும். பட்டியல் இல்லாவிட்டால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஒரு நடைக்கு எவ்வளவு சுமை என்பதை முடிவு செய்வது அடுத்த கேள்வி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட 128-ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் கைச்சுமையாகக் கொண்டுசெல்லும் எடைக்கு 55 கிலோவை எல்லையாகக் குறிப்பிட்டது. அது தாண்டக் கூடாத எல்லையே தவிர, நாள் முழுவதும் சுமப்பதற்கான திட்ட அளவன்று. கையால் பொருள் தூக்குவதைப் பற்றிய பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பின் (ஐஎஸ்ஓ) 11228-1 தரநிலையின் 2003 பதிப்பு 25 கிலோவை அடிப்படை எடையாக எடுத்துக்கொண்டது. நெடுந்தூரச் சுமைக்கு விலை போடும்போது இதைப் பின்பற்றுவதே பொருத்தம். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் குறைந்த வரம்பை விதித்திருந்தால் அதுவே கணக்கு. இரண்டு பலகைகளை ஒன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு பத்து மீட்டர் விரைந்து போகும் ஆள்களை எல்லா வேலைத்தளத்திலும் பார்க்கலாம். அந்தக் காட்சியை நம்பி எண்பது மீட்டருக்கு விலை போடக் கூடாது, ஏனென்றால் முதல் அரைமணி நேரத்தில் தெரியும் வேகம் பிற்பகலில் இருக்காது.

ஒரு நடையின் நேரம்

ஒரு நடையில் நான்கு பகுதிகள் உண்டு: எடுத்துத் தோளில் ஏற்றுவது, சுமையுடன் போவது, இறக்கி ஒழுங்காக அடுக்குவது, வெறுங்கையுடன் திரும்புவது. எடுப்பதற்கும் இறக்குவதற்கும் ஆகும் நேரம் தூரத்தைப் பொறுத்து மாறுவதில்லை. நடக்கும் நேரம் மட்டுமே மாறுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தூரம் நான்கு மடங்கானால் கூலியும் நான்கு மடங்கு என்று கணக்கிடுபவர் வேலையை இழப்பார். தூரத்தைப் பொருட்படுத்தாதவர் வேலையைப் பெற்றுப் பணத்தை இழப்பார்.

மாதிரிக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள 6 மீட்டர் குழாய்கள் 120, தலா 1.2 கிலோ எடையுள்ள கிளாம்புகள் 400, தலா 20 கிலோ எடையுள்ள பலகைகள் 90 ஆகியவை ஒரு சாரத்துக்குத் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்கள் 3,146 கிலோ, கிளாம்புகள் 480 கிலோ, பலகைகள் 1,800 கிலோ, ஆக மொத்தம் 5,426 கிலோ. குழாயையும் பலகையையும் ஒவ்வொன்றாகவும், கிளாம்புகளைச் சாக்குக்கு இருபது என்ற கணக்கிலும் கொண்டுசென்றால் முறையே 120, 90, 20 என மொத்தம் 230 நடை. ஒரு நடையின் சராசரிச் சுமை 23.6 கிலோ.

சமதளத்தில் சுமையுடன் விநாடிக்கு ஒரு மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தையும், திரும்பும்போது நிமிடத்துக்கு 80 மீட்டர் வேகத்தையும் எடுத்துக்கொள்வோம். எடுக்கவும் இறக்கி அடுக்கவும் சேர்த்து ஒரு நிமிடம். வழி 80 மீட்டர் என்றால் போக 80 விநாடி, திரும்ப 60 விநாடி, எடுக்க இறக்க 60 விநாடி, மொத்தம் 200 விநாடி. 230 நடைக்கு 46,000 விநாடி ஆகிறது. இதனுடன் இளைப்பாறலுக்கும், வழிவிட்டு நிற்பதற்கும், தண்ணீர் குடிப்பதற்கும் 25 சதவீதம் சேர்த்தால் 57,500 விநாடி, அதாவது ஏறத்தாழ 16 ஆள்-மணி.

இதே சாரத்துக்கு வழி 20 மீட்டர் மட்டும் இருந்திருந்தால் ஒரு நடை 95 விநாடியிலும், மொத்த வேலை அதே 25 சதவீதச் சேர்க்கையுடன் 7.6 ஆள்-மணியிலும் முடிந்திருக்கும். தூரம் நான்கு மடங்கு. நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். உங்கள் வழக்கமான கட்டுக்கூலியில் 20 மீட்டர் வரை சுமப்பது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்றால், வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டியது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 8.4 ஆள்-மணி மட்டுமே. முழுப் 16 மணியையும் கேட்டால் முதல் 20 மீட்டருக்கு இரண்டு முறை கூலி வாங்கியதாகும். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இதே எண்களிலிருந்து கையில் வைத்துக்கொள்ளத்தக்க ஓர் அலகு விகிதமும் கிடைக்கிறது. ஒவ்வொரு கூடுதல் 10 மீட்டரும் ஒரு நடைக்கு 17.5 விநாடியைக் கூட்டுகிறது; இந்தச் சாரம் முழுவதற்கும் அது 1.4 ஆள்-மணி, ஒரு டன்னுக்குப் பார்த்தால் பதினைந்தரை ஆள்-நிமிடம். எஃகுக் குழாயும் மரப் பலகையும் கலந்த வேலைகளுக்கு இது பயன்படும். அலுமினியக் குழாய்க்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்: எடை மிகக் குறைவு என்றாலும் ஆறு மீட்டர் நீளம் அப்படியே இருக்கிறது, ஒருவர் எத்தனை குழாயைச் சேர்த்துக் கொண்டுபோக முடியும் என்பதை அங்கே எடை தீர்மானிப்பதில்லை. டன் கணக்கில் விலை போட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

வேகங்களை மேலே நான் தந்தபடியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் ஆள் ஒருவரை, உண்மையான சுமையுடன், உண்மையான வழியில் சில நடை அனுப்பி நேரத்தைக் குறியுங்கள். காலையின் முதல் நடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தன்னை யாரோ கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர் நடக்கும் வேகமும் நம்பத்தக்கதன்று.

ஏற்றமும் படிக்கட்டும்

வழியில் மேடு இருந்தால் அந்த உயரத்தையும் தூரமாக மாற்றிச் சேர்க்க வேண்டும். மலை நடையர்கள் இன்றும் பயன்படுத்தும் பழைய விதி ஒன்று இதற்குக் கைகொடுக்கும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன அந்த விதியின்படி மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு மீட்டர் ஏற்றம் ஏறத்தாழ எட்டு மீட்டர் சமதள நடைக்கு ஈடாகிறது. 80 மீட்டர் வழியில் 5 மீட்டர் மேடு இருந்தால் சுமையுடன் போகும் தூரத்தை 120 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். சுமையில்லாத நடைக்குச் சொன்ன விதி என்பதால் இதைக் குறைந்தபட்ச அளவாகக் கருதுவது நல்லது, இளைப்பாறல் சதவீதத்தையும் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும்.

படிக்கட்டில் இந்த விதியும் போதாது. 6 மீட்டர் குழாய் பெரும்பாலான படிக்கட்டுகளின் திருப்பத்தில் திரும்பாது. குட்டையான குழாய்களைக் கொண்டுவர வேண்டும், அப்போது துண்டுகளும் இணைப்பான்களும் கூடி நடைகளின் எண்ணிக்கையே மாறிவிடும். அல்லது வெளிப்புறமாகக் கயிறும் கப்பியும் கட்டி ஏற்ற வேண்டும், அது தனி வேலை. லிஃப்டைப் பயன்படுத்தலாம் என்று வாடிக்கையாளர் சொன்னால், அதன் உள்நீளத்தை நீங்களே அளந்து, எந்த நேரத்தில் அது உங்களுக்கு மட்டும் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளுவண்டி எப்போது லாபம்

வழி கெட்டியாகவும் சமதளமாகவும் இருந்தால் தள்ளுவண்டியை மறக்கக் கூடாது. பத்துக் குழாய்களைத் தோளில் கொண்டுபோக மேற்சொன்ன வேகத்தில் நிலையான நேரம் 600 விநாடி, அத்துடன் மீட்டருக்கு 17.5 விநாடி. அதே பத்தையும் இரண்டு பேர் ஒரே வண்டியில் தள்ளினால் ஏற்ற, இறக்க, கட்டு இறுக்க எல்லாம் சேர்த்து 1,040 ஆள்-விநாடி ஆகும் என்றும், தள்ளும் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர், திரும்பும் வேகம் 1.2 மீட்டர் என்றும் கொண்டால், மீட்டருக்கு 4.2 ஆள்-விநாடிதான் ஆகிறது. இரண்டும் சமமாவது 33 மீட்டரில். அதற்குக் கீழே தோள்தான் மலிவு, அதற்கு மேலே வண்டி. உங்கள் வண்டியின் ஏற்று நேரம் வேறாக இருந்தால் இந்தப் புள்ளி நகரும், ஆனால் இப்படி ஒரு புள்ளி இருக்கிறது என்பதை அறியாமல் நூற்றைம்பது மீட்டரைத் தோளால் கடப்பதற்கு விலை போடுவது வீண்.

பாதி வழி வரை வண்டியும் பிறகு தோளும் என்று அமைந்தால் எச்சரிக்கை தேவை. இடையில் ஓரிடத்தில் இறக்கி மறுபடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எடுத்து இறக்கும் ஒரு நிமிடம் முழுவதும் திரும்பச் செலவாகிறது. 230 நடைக்கு அது இளைப்பாறல் சேர்க்காமலே 3.8 ஆள்-மணி.

சுமப்பவர் எத்தனை பேர்

மொத்த ஆள்-மணி தெரிந்தால் மட்டும் போதாது; பொருள் வந்துசேரும் வேகம் கட்டுபவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். மாதிரிக் கணக்கில் இளைப்பாறலுடன் ஒரு நடைக்கு 250 விநாடி என்பதால் ஒருவர் மணிக்கு 14 நடைக்குச் சற்று மேல் போவார். கட்டுபவர்கள் மணிக்கு நாற்பது சுமைகளைப் பயன்படுத்தி முடிப்பார்கள் என்றால் மூன்று பேர் வேண்டும். இரண்டு பேரை மட்டும் வைத்தால், கூடுதல் கூலி வாங்கும் தேர்ந்த ஆள்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காத்திருப்பு எந்த வரியிலும் எழுதப்படாமல் உங்கள் லாபத்திலிருந்தே போகும். சுமக்கும் வரிசையும் முக்கியம். குழாய்களின் அடியில் வைக்கும் அடித்தட்டுகளும் கிளாம்புச் சாக்குகளும் முதலில், செங்குத்துக் குழாய்கள் அடுத்து, பலகைகள் கடைசியில் என்று மேஸ்திரி சொல்லிவைக்காவிட்டால், லாரியில் மேலே கிடக்கும் பலகைகள்தான் முதலில் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

உடல் தாங்குமா என்பதையும் இந்தக் கட்டத்தில் சரிபார்க்க வேண்டும். முன்பு சொன்ன ஐஎஸ்ஓ பதிப்பு, 20 மீட்டர் தூரம் கொண்டுசெல்லும்போது ஒருவருக்கு எட்டு மணி நேரத்தில் மொத்தம் 6,000 கிலோ என்று வரம்பு சொன்னது. நம் 20 மீட்டர் கணக்கில் இது எட்டு மணி நேரத்துக்கு 5,700 கிலோவைத் தொடுகிறது, ஏறத்தாழ விளிம்பில். 80 மீட்டரில் 2,700 கிலோதான் என்றாலும், எட்டு மணி நேரம் சுமக்கும் ஒருவர் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் சுமையுடன் நடந்திருப்பார். ஒரே ஆளை நாள் முழுவதும் சுமக்கவிடாமல், நான்கு பேரைக் கொண்டு நான்கு மணியில் முடித்து வேறு வேலைக்கு மாற்றுவதற்கு ஆகும் கூலி அதேதான்.

ஆள்-மணியைப் பணமாக்குதல்

ஆள்-மணியைத் தினக்கூலியின் எட்டில் ஒரு பங்கால் பெருக்குவது புதியவர்கள் செய்யும் சுருக்குவழி, அது எப்போதும் குறைவாகவே வரும். ஒருவருக்கு ஒரு நாளில் ஆகும் முழுச் செலவை முதலில் கூட்டுங்கள்: கூலி, சட்டப்படியான பங்களிப்புகள், காப்பீடு, விடுமுறைக்கான ஒதுக்கீடு, கையுறையும் தோள்பட்டை மெத்தையும் காலணியும், வேலைத்தளத்துக்கு வந்துபோகும் செலவு, மேற்பார்வையில் அவருக்குரிய பங்கு. இதை அவர் உண்மையில் வேலை செய்யும் மணிகளால் வகுக்க வேண்டும். சாப்பாடு, காலைப் பாதுகாப்புக் கூட்டம், நுழைவாயில் சோதனை ஆகியவை போனால் எட்டு மணி ஏழாகவோ ஆறரையாகவோ சுருங்கும். 25 சதவீதச் சேர்க்கை நடைகளுக்கு இடைப்பட்ட இளைப்பாறலுக்கானது. சாப்பாட்டு நேரத்தை அதிலும் இதிலும் இருமுறை சேர்த்துவிடாதீர்கள். கிடைக்கும் அடக்கவிலையின்மேல் அலுவலகச் செலவையும் லாபத்தையும் வழக்கம்போல் வைத்துக்கொள்ளலாம்.

விலையை எந்த வடிவில் தருவது என்பதில் என் விருப்பம் தெளிவானது: முதல் 20 மீட்டர் கட்டுக்கூலியில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இவ்வளவு என்ற படிநிலை. நாள்கூலி அடிப்படையில் கொடுத்தால் வாடிக்கையாளர் ஒவ்வொரு தேநீர் இடைவேளையையும் எண்ணுவார். மொத்தத் தொகையாகக் கொடுத்தால் லாரி வேறிடத்தில் நிற்க நேரும் நாளில் பேச இடமிருக்காது. படிநிலை விலையில் தூரம் மாறினால் தொகையும் தானாக மாறுகிறது, வாக்குவாதத்துக்கு அவசியமில்லை.

விலைப்புள்ளியில் இந்த விவரங்களையாவது எழுத வேண்டும்: தூரம் எங்கிருந்து எங்கே அளக்கப்பட்டது, எத்தனை மீட்டர் என்று கொள்ளப்பட்டது, வழியைத் தடையின்றி வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது, லாரி அந்த இடத்தில் நிற்க முடியாமல் போனால் எந்த விகிதத்தில் கூடுதல் கணக்கிடப்படும், பொருள்களை இரவில் இடையில் எங்கேனும் வைக்க வேண்டி வந்தால் மறு சுமைக்கு யார் பொறுப்பு.

பிரிக்கும்போது திரும்பிவரும் சுமை

கட்டும்போது போன பொருள்கள் அனைத்தும் பிரிக்கும்போது அதே வழியில் திரும்பிவர வேண்டும். இதை விட்டுவிடும் விலைப்புள்ளிகள் ஏராளம், ஏனென்றால் பிரிப்பது வாரங்கள் கழித்து வருகிறது. மாதிரிக் கணக்கின் கூடுதல் 8.4 ஆள்-மணியைப் பிரிப்புக்கும் சேர்த்தால் 16.8 ஆகிறது. அதற்குள் பலகைகள் மழையில் நனைந்து கனத்திருக்கும், கிளாம்புகளில் சாந்து ஒட்டியிருக்கும், காலியாக இருந்த வழியில் வேறு ஒப்பந்தக்காரர்கள் செங்கலும் மணலும் கொட்டியிருப்பார்கள். எனவே பிரிப்பு நாளுக்கு முன் வழியை மீண்டும் ஒருமுறை அளந்து, தூரம் மாறியிருந்தால் ஓர் ஆளைக்கூட அனுப்புவதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முதல் வேலையில் நடைகளை எண்ணி எழுதிவைக்கச் சொன்னால், எத்தனை நடைக்கு எத்தனை ஆள்-மணி உண்மையில் ஆயிற்று என்பது உங்கள் கையில் இருக்கும். அடுத்த விலைப்புள்ளியில் இந்தக் கட்டுரையின் வேகங்களை நீக்கிவிட்டு உங்கள் ஆள்களின் வேகத்தை எழுதலாம்.